நார்மல்: மூலைமட்டத்தில் பிறந்த சொல்

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்கிறார் டாக்டர். கேட்டவருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்குகிறது. "அந்தப் பையன் நார்மலா இல்லையே" என்கிறார் ஓர் உறவுக்காரர். பெற்றவளுக்கு நெஞ்சில் பாரம் ஏறுகிறது. "இந்த வயசுல மூட்டு வலி நார்மல்தான்" என்று வேறொருவர் ஆறுதல் சொல்கிறார். முதலில் சொன்னதற்கு 'நலம்' என்று பொருள். அடுத்ததற்கு 'மற்றவர்களைப் போல' என்று பொருள். கடைசியாகச் சொன்னது 'பலருக்கும் நடப்பது'. மூன்றுக்கும் ஒரே சொல்.

மூன்றும் ஒன்றா என்றால் இல்லை. சொத்தைப் பல் உலகத்தில் பாதிப் பேருக்காவது வந்திருக்கும். அதற்காக அதை நலம் என்று யாரும் சொல்வதில்லை. இடக்கைப் பழக்கம் சிலருக்கே உண்டு. அதற்காக அது குறையாகிவிடாது. இவ்வளவு எளிதாகப் பிடிபடுகிற வேறுபாடு, 'நார்மல்' என்று உச்சரித்தவுடன் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. 'எப்படி இருக்கிறது' என்பதும் 'எப்படி இருக்க வேண்டும்' என்பதும் அந்தச் சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எப்போது ஒட்டின, யார் ஒட்டினார்கள் என்று தேடிக்கொண்டு போனால் வழி தச்சுப் பட்டறை, வானாய்வகம், ராணுவம், மருத்துவமனை என்று எங்கெங்கோ போகிறது. எனக்கு இந்தச் சொல்மேல் பல காலமாகவே ஒரு கண். சில மனிதர்களை இது எவ்வளவு காயப்படுத்தியிருக்கிறது என்று அருகிலிருந்து பார்த்திருப்பதும் ஒரு காரணம்.

லத்தீனில் 'நார்மா' என்றால் மூலைமட்டம். தச்சரும் கொத்தனாரும் வைத்திருக்கிற அதே கருவிதான்: இரண்டு கால்கள், நடுவே 90 பாகை. கிரேக்கத்தில் சூரியக் கடிகாரத்தின் குத்துக்கோலுக்கும் மூலைமட்டத்துக்கும் சேர்த்து வழங்கிய 'க்னோமோன்' என்ற சொல்தான் பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கர்கள் வாய்வழியாக லத்தீனில் 'நார்மா' ஆனது என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். 'க்னோமோன்' என்பதற்கு நேர்ப்பொருள் 'அறிவது', 'அறிவிப்பது'. நம் 'ஞானம்' என்ற வடசொல்லுக்கும் அதே வேர்தான்.

மூலைமட்டம் வேலை செய்வதைக் கிட்ட இருந்து பார்த்தால் இந்தச் சொல்லின் ஆதிப் பொருள் கையில் தொட்டது போலப் புரிந்துவிடும். கதவு நிலை கோக்கும்போது தச்சர் மட்டத்தை உள்மூலையில் வைத்து அழுத்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார். கசிந்தால் சட்டம் கோணல். இழைப்பார், செதுக்குவார், ஆப்பு வைப்பார், மறுபடி பார்ப்பார். திருத்தப்படுவது எப்போதும் மரம்தான். மரத்துக்கு ஏற்றபடி மட்டத்தை வளைக்கிற தச்சர் கிடையாது. ஆக, பிறந்தபோது இந்தச் சொல் முழுக்க முழுக்க 'இருக்க வேண்டியது' பக்கம்தான் நின்றது. எத்தனை கதவுகள் கோணலாக இருக்கின்றன, சராசரிக் கோணல் எவ்வளவு என்பதெல்லாம் மூலைமட்டத்துக்குத் தேவையில்லாத சங்கதி.

இன்னொன்றும் உண்டு. மட்டத்தையே சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. நேரான விளிம்புள்ள பலகையை எடுத்து, மட்டத்தின் ஒரு காலை விளிம்போடு ஒட்டிவைத்து, மறு காலை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு இழுக்க வேண்டும். அப்புறம் மட்டத்தை இடவலமாகப் புரட்டி, அதே புள்ளியில் வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விலகினால் மட்டத்தில் பிழை இருக்கிறது. அந்த விலகலில் சரிபாதிதான் பிழையின் அளவு. வெளியிலிருந்து வேறொரு மட்டம் வேண்டியதில்லை. கருவியே தன் பிழையைக் காட்டிக்கொடுக்கும். இவ்வளவு நேர்மையான சோதனை மற்ற அளவுகோல்களுக்கும் வாய்த்திருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

'நார்மா'விலிருந்து 'நார்மாலிஸ்' வந்தது. மூலைமட்டத்தால் செய்த, செங்கோணமான என்று பொருள். கணிதம் இந்தப் பழைய பொருளை இன்றும் விடவில்லை: ஒரு பரப்புக்கு 'நார்மல்' என்றால் அதற்குச் செங்குத்தான கோடு. ஆங்கிலத்தில் பிரமாண்டமானது என்ற பொருளில் வழங்கும் 'எனார்மஸ்' கூட இந்த வீட்டுப் பிள்ளைதான். மட்டத்தை விட்டு வெளியே போனது என்பது அதன் மூலப்பொருள். முதலில் 'முறைகேடான' என்பதற்கு வழங்கி, பிறகுதான் 'மிகப் பெரிய' ஆயிற்று.

நேரான ஒரு பொருளை எடுத்து அறத்துக்கு அளவாக வைப்பது ரோமானியர்களோடு நின்றுவிடவில்லை. விதி என்று பொருள்படும் 'ரூல்' லத்தீனில் நேர்க்கோல். திருமறைத் தொகுதிக்கும் திருச்சபைச் சட்டத்துக்கும் வழங்கும் 'கேனன்' கிரேக்கத்தில் அளக்கும் கோல். அதற்கும் முன்னே நாணல். நம்மிடமும் அப்படித்தான். 'நேர்' என்பதிலிருந்து நேர்மை. செங்கோல் என்றால் வளையாத கோல், கொடுங்கோல் என்றால் வளைந்த கோல். நெறி தவறியவனின் புத்தியைக் 'கோணல் புத்தி' என்கிறோம். கோடாமை, செம்மை, செப்பம் என்று தமிழில் நற்பண்புச் சொற்களைத் தொட்டால் பாதிக்கு மேல் நேராக நிற்கின்றன. மனிதன் முதன்முதலில் சரி, தவறு என்று பொருள்களைப் பிரித்தது கண்ணால் கோடு பார்த்துத்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பல நூற்றாண்டுகள் 'நார்மல்' வடிவியலிலும் கட்டுமானத்திலும் கிடந்தது. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு பாரிஸில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 'எக்கோல் நார்மால்' என்ற பள்ளியைத் தொடங்கியது. மற்றப் பள்ளிகளுக்கெல்லாம் மட்டம் வைக்கும் பள்ளி என்று பொருள். 'நார்மல் ஸ்கூல்' என்ற பெயர் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. இங்கும் பழைய பொருள்தான், மரத்துக்குப் பதில் மனிதர்கள் என்பதே மாற்றம். பிறகு பிரெஞ்சு மருத்துவர்கள் உறுப்புகளின் நிலையைக் குறிக்க இதை எடுத்துக்கொண்டார்கள். 'நார்மல் நிலை' என்பதற்கு எதிர்ச்சொல் 'நோய் நிலை' ஆயிற்று. நோய் என்பது தனியான ஒரு பூதம் இல்லை, நலத்திலிருந்து கூடுவதோ குறைவதோதான் என்று ப்ரூசே என்ற மருத்துவர் வாதிட்டார். தத்துவவாதி ஒகுஸ்த் கோம்த் அதைப் பிடித்துக்கொண்டு சமூகத்துக்கும் பொருத்தினார். சமூகத்துக்கும் நார்மல் நிலை உண்டு, அதிலிருந்து விலகினால் அது நோய். 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதி முடிவதற்குள் ஆங்கிலத்திலும் இந்தப் பொருள் வேரூன்றிவிட்டது.

இதுவரை நடந்ததில் பெரிய சேதம் இல்லை. ஒட்டு வேலை நடந்தது வேறோர் இடத்தில். ஒட்டியவர் மருத்துவர்கூட இல்லை, வானியலாளர்.

அடால்ஃப் கெட்லே பெல்ஜியத்துக்காரர், பிரஸ்ஸல்ஸ் வானாய்வகத்தை நிறுவியவர். அந்தக் காலத்து வானியலாளர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று இருந்தது. ஒரே நட்சத்திரத்தின் இடத்தைப் பத்து முறை அளந்தால் பத்து விடை வரும். கை நடுங்கும், கண் ஏமாற்றும், காற்று அசையும். ஆனால் இந்தப் பிழைகள் கண்டபடி சிதறுவதில்லை. உண்மையான இடத்தைச் சுற்றி நிறைய விடைகள் குவியும். விலக விலகக் குறையும். வரைந்து பார்த்தால் மணி கவிழ்த்த வடிவம். 1809-இல் ஜெர்மன் கணிதவியலாளர் காவுஸ் இதைக் கணிதமாக வடித்திருந்தார். அதற்குப் பெயரே பிழை விதி. சராசரியை எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், நட்சத்திரத்தின் உண்மையான இடம் கிடைக்கும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நட்சத்திரம் ஒன்றுதான், அதற்கு இடமும் ஒன்றுதான்.

கெட்லே அந்தக் கணிதத்தைத் தூக்கிக்கொண்டு மனிதர்களிடம் வந்தார். ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் 5,738 பேரின் மார்புச் சுற்றளவு ஒரு மருத்துவ இதழில் வெளியாகியிருந்தது. அதை எடுத்து அடுக்கினார். 33 அங்குலத்திலிருந்து 48 அங்குலம் வரை பரவியிருந்த அந்த எண்கள், ஏறத்தாழ 40 அங்குலத்தைச் சுற்றிக் குவிந்து, அதே மணி வடிவத்தில் வந்து உட்கார்ந்தன. அவர் எவ்வளவு பரவசப்பட்டிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. வானத்தின் விதி மனித உடம்பிலும் ஓடுகிறதே!

இங்கேதான் அவர் ஒரு தாவு தாவினார். ஒரு சிலையை ஆயிரம் சிற்பிகள் பார்த்துச் செதுக்கினால், ஒவ்வொன்றிலும் சிறு சிறு பிழை வரும். எல்லாவற்றையும் அளந்து சராசரி எடுத்தால் மூலச்சிலை கிடைக்கும். 5,738 வீரர்களின் மார்பும் அப்படித்தான் பரவியிருக்கிறது. அப்படியானால் இயற்கை மனதில் ஒரு மாதிரி மனிதனை வைத்துக்கொண்டு செதுக்குகிறது, நாமெல்லாம் அதன் பிழைபட்ட நகல்கள் என்றார் அவர். அந்த மூல மனிதனுக்குச் 'சராசரி மனிதன்' என்று 1835-இலேயே ஒரு நூலில் அவர் பெயர் வைத்திருந்தார். ஒரு காலத்தின் சராசரி மனிதனுடைய எல்லாப் பண்புகளையும் ஒருவன் தன்னில் கொண்டிருந்தால் அவனே பெருமைக்கும் அழகுக்கும் நன்மைக்கும் உருவம் என்பது அவர் கொள்கை.

எண்ணிப் பார்த்துக் கிடைத்த சராசரி, அந்த நிமிடத்திலிருந்து எட்ட வேண்டிய இலக்காக மாறிவிட்டது. நட்சத்திரத்தை அளக்கும்போது விலகல் என்பது அளந்தவரின் பிழை. மனிதனை அளக்கும்போது விலகல் என்பது அளக்கப்பட்டவனின் பிழை என்றாகிவிட்டது. 42 அங்குல மார்போடு நின்ற அந்த வீரன் யாருடைய நகலும் இல்லை. அவன் மார்பு அவன் மார்பு. இதை யாராவது அன்றைக்கே அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

அடுத்து வந்த ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் அதே மணி வடிவத்தை எடுத்து, நேர் எதிராகப் படித்தார். கெட்லேக்குச் சராசரி உன்னதம். கால்டனுக்குச் சராசரி என்றால் மட்டம். தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். "படம் எப்படி?" என்று கேட்டால் "சுமார்" என்கிறோம். சுமார் என்றால் ஏறத்தாழ, நடுத்தரம் என்றுதான் பொருள். ஆனால் சொல்கிறவர் அந்தப் படத்தைப் பார்க்காதே என்று சொல்கிறார். 'மட்டம்' என்ற சொல்லும் அப்படியே: தளம் சமமாக இருப்பதும் மட்டம், சரக்கு மோசமாக இருப்பதும் மட்டம். கால்டன் பார்வையில் மனிதகுலம் சராசரியில் நிற்கக் கூடாது, மணியின் வலது ஓரத்துக்கு நகர வேண்டும், இடது ஓரத்தில் இருப்பவர்கள் குறைய வேண்டும். 1883-இல் அவர் இதற்கு 'யூஜெனிக்ஸ்' என்று பெயரும் சூட்டினார். அந்தப் பெயரால் பிறகு நடந்தவை கொடூரமானவை. அமெரிக்காவில் 1907-இல் இண்டியானா மாநிலம் தொடங்கிவைத்த சட்டங்கள் வழியாக 60,000-க்கும் மேற்பட்டவர்கள் கட்டாயக் கருத்தடைக்கு ஆளானார்கள். ஜெர்மனியில் நாஜிகள் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வளைவரையின் ஓரத்தில் இருந்தது மட்டுமே அவர்களில் பலர் செய்த குற்றம்.

அந்த வளைவரைக்கு 'நார்மல்' என்ற பெயர் நிலைத்ததும் இந்தக் காலத்தில்தான். 1870-களில் சிலர் அங்கங்கே பயன்படுத்திய பெயரைக் கால்டனின் சீடரான புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் பரவலாக்கினார். அதைக் கண்டுபிடித்தது பிரான்சின் லாப்லாஸா ஜெர்மனியின் காவுஸா என்ற நாட்டுச் சண்டையில் சிக்காமல் இருக்க அது வசதியாக இருந்தது. 1920-இல் பியர்சனே இதைத் திரும்பிப் பார்த்து எழுதினார்: அந்தப் பெயரால் ஒரு தீங்கு உண்டு, மற்றப் பரவல்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் 'அப்நார்மல்' என்று மக்கள் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள் என்று. பெயரைப் பரப்பியவரே சொன்ன பிறகும் பெயர் மாறவில்லை. புள்ளியியல் பாடத்தில் இன்றும் அதுதான் பெயர்.

சரி, அந்தச் சராசரி மனிதர் எங்காவது இருக்கிறாரா? தேடியும் பார்த்தார்கள்.

1940-களில் ராபர்ட் டிக்கின்சன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவரும் ஏப்ரம் பெல்ஸ்கி என்ற சிற்பியும் சேர்ந்து இரண்டு சிலைகள் செய்தார்கள். ஆண் சிலைக்கு 'நார்மன்' என்று பெயர். பெண் சிலைக்கு 'நார்மா'. மூலைமட்டத்தின் பெயரே ஒரு பெண்ணுக்கு! பெண் சிலைக்கு அடிப்படை சுமார் 15,000 இளம் பெண்களின் உடலளவுகள். அத்தனை பேரும் வெள்ளை இனத்தவர்கள். 1945-இல் கிளீவ்லாந்து நகரின் சுகாதார அருங்காட்சியகம் சிலைகளை வாங்கியது. உள்ளூர் நாளிதழ் ஒன்று, நார்மாவின் அளவுகளுக்கு அச்சாகப் பொருந்தும் பெண்ணைத் தேடிப் போட்டி வைத்தது. 3,864 பெண்கள் தங்கள் அளவுகளை அனுப்பினார்கள். ஒன்பது அளவுகளிலும் பொருந்தியவர் ஒருவர்கூட இல்லை. கிடைத்தவர்களில் நெருக்கமாக வந்தவருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டு, பெண்கள் உடம்பைச் சரியாகப் பேணுவதில்லை என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. சிலைமேல் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து இதே கேள்வி அமெரிக்க விமானப்படையில் எழுந்தது. விமானி அறையின் இருக்கையும் விசைகளும் சராசரி உடலுக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தன. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்துக்கொண்டார். உயரம், மார்பு, கை நீளம் போன்ற பத்து அளவுகள். சராசரிக்கு இருபுறமும் தாராளமாக இடம் விட்டு, நடுவில் விழும் 30 சதவீதத்தினரை எல்லாம் 'சராசரி' என்றே கணக்கில் சேர்த்தார். அப்படியும் பத்திலும் சராசரியாக வந்தவர் ஒருவருமில்லை. சராசரி விமானிக்காகக் கட்டிய அறை, ஒருவருக்குமே பொருந்தாத அறை. விமானப்படை இதைச் சரியாகப் புரிந்துகொண்டது; விமானிகளைச் செதுக்க முடியாது, இருக்கையை முன்பின் நகர்த்தும்படி செய்யலாம். இன்று காரில் உட்கார்ந்தவுடன் இருக்கையை இழுத்துச் சரிசெய்துகொள்கிறோமே, அதிலும் இதே எண்ணம்தான்.

இதைவிட நம் எல்லோருக்கும் நெருக்கமானது காய்ச்சல். 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் நார்மல் என்று குழந்தைக்கும் தெரியும். அந்த எண் ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ் 1868-இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகள் எடுத்தவர். அவர் சொன்னது 37 டிகிரி செல்சியஸ். அது ஒரு முழு எண், ஏறத்தாழச் சொன்னது. காலையில் குறையும், மாலையில் கூடும், ஆளுக்கு ஆள் மாறும் என்றும் அவரே எழுதியிருந்தார். ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 என்று தசமப் புள்ளியோடு வந்து, என்னவோ அணுவளவு துல்லியமாகக் கண்டறிந்தது போன்ற தோற்றம் கிடைத்துவிட்டது. 1992-இல் மேரிலாந்து ஆய்வாளர்கள் நலமான 148 பேரை அளந்தபோது சராசரி 98.2-தான் வந்தது. 2020-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒன்றரை நூற்றாண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, அமெரிக்கர்களின் உடல் வெப்பமே பத்தாண்டுக்கு 0.03 டிகிரி செல்சியஸ் வீதம் இறங்கிவந்திருக்கிறது என்றார்கள். தொற்றுகள் குறைந்தது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். வுண்டர்லிஷ் தப்பாக அளந்தார் என்பதைவிட, அவர் அளந்த மனிதர்கள் வேறு, நாம் வேறு என்பதே பொருத்தமாகப் படுகிறது.

இரத்தப் பரிசோதனை அறிக்கைக்கு வருவோம். இதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அம்மாவின் அறிக்கையில் ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் நட்சத்திரக் குறி போட்டிருந்தது. "அண்ணா, இது மட்டும் நார்மல் ரேஞ்சுக்கு வெளியே இருக்கே" என்று தங்கை போனில் கேட்டபோது அவள் குரலே மாறியிருந்தது. மயிரிழையில் வெளியே போயிருந்த எண் அது. டாக்டர் பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இதற்குப் பொருளில்லை என்றார். ஆனால் அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அந்த வரம்பு எப்படிப் போடப்படுகிறது தெரியுமா? நலமாக இருப்பவர்கள் என்று கருதப்படும் ஒரு கூட்டத்தை எடுத்து அளக்கிறார்கள். கிடைத்த எண்களை வரிசைப்படுத்தி, நடுவிலுள்ள 95 சதவீதத்தை வைத்துக்கொண்டு, கீழே 2.5, மேலே 2.5 சதவீதத்தை வெட்டிவிடுகிறார்கள். மிஞ்சியதுதான் வரம்பு. அப்படியென்றால் அளக்கப்பட்ட நலமானவர்களிலேயே 20-இல் ஒருவர் வரம்புக்கு வெளியே நிற்கிறார். நோயால் அல்ல, வெட்டிய விதத்தால். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை நலமான ஒருவருக்குச் செய்தால், ஒன்றிலாவது நட்சத்திரக் குறி விழுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். எல்லாமே வரம்புக்குள் வருவதற்குத்தான் வாய்ப்பு குறைவு! மறுபக்கமும் உண்டு. வரம்புக்குள் இருப்பதால் நலம் என்றும் ஆகாது. ஒரு கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கொழுப்பு கூடுதல் என்றால், அந்தக் கூட்டத்தை அளந்து போட்ட வரம்பு கூடுதலைத்தான் நார்மல் என்று சொல்லும். அதனால்தான் சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் இந்த முறையைக் கைவிட்டு, எந்த அளவுக்கு மேல் போனால் உடம்புக்குத் தீங்கு கூடுகிறது என்று பார்த்து எல்லை போடுகிறார்கள். ஒரே தாளில், ஒரே பத்தியில், சில வரிகள் 'பலர் எப்படி இருக்கிறார்கள்' என்கின்றன, சில வரிகள் 'எப்படி இருந்தால் நல்லது' என்கின்றன. எது எந்த வகை என்று தாளில் அச்சாவதில்லை.

ஆய்வகத் துறையினர் இதை உணராமல் இல்லை. 'நார்மல்' என்ற சொல்லே குழப்பம், அதை விட்டுவிட்டு 'ஒப்பீட்டு அளவு' என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறலாம் என்று பின்லாந்தைச் சேர்ந்த கிரெஸ்பெக்கும் சாரிஸும் 1969-இல் முன்வைத்தார்கள். துறைக்குள் அது ஏற்கப்பட்டுவிட்டது. பல அறிக்கைகளில் இன்று அச்சாவதும் அந்தச் சொல்தான். ஆனால் வாயில் வருவது நார்மல். டாக்டர் வாயிலும் அதுவே.

எல்லைக்கோட்டை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு உடல் எடைக் குறியீடு ஒன்று போதும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் கணக்கும் கெட்லே போட்டதுதான். 1998-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம், 'அதிக எடை' தொடங்கும் எல்லையை 27-க்கு மேலிருந்து 25-க்கு இறக்கியது. முந்தின நாள் நார்மலாகப் படுத்த இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மறுநாள் அதிக எடையோடு எழுந்தார்கள். அதற்கு எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. 1973 டிசம்பரில் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதுவரை 'அப்நார்மல்' என்று மருத்துவம் சொல்லிக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களின் உடம்பிலோ மனதிலோ அன்று எதுவும் மாறவில்லை. மாறியது கோடு.

கோடே வேண்டாம் என்று இதை வைத்து வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோடு இல்லாமல் மருத்துவம் நடக்காது, கட்டடம் எழும்பாது, சட்டம் நிற்காது. எனக்கு வேண்டியதெல்லாம் கோட்டைப் போடுகிறவர் அது எந்த வகைக் கோடு என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும் என்பதுதான். அப்படிச் சொல்லிப் போட்ட கோடும் ஒன்று இருக்கிறது. அது குழந்தைகளுடைய வளர்ச்சி அட்டை.

1970-களிலிருந்து உலகம் முழுக்கக் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் ஒப்பிடப் பயன்பட்டது அமெரிக்கத் தரவு. கைக்குழந்தைகளுக்கான பகுதி, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை அளந்தது. அதில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையைக் கொண்டுபோய் வைத்தால், சில மாதங்களுக்குப் பிறகு எடை பின்தங்குவது போலத் தெரியும். நன்றாக வளர்கிற பிள்ளையைப் பார்த்துத் தாய் கவலைப்படுவாள். புட்டிப்பால் சேர்க்கச் சொல்லி யோசனை வரும். உலக நலவாழ்வு நிறுவனம் இதைத் திருத்தப் புறப்பட்டபோது, இன்னும் அதிகக் குழந்தைகளை அளந்து இன்னொரு சராசரி எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தே அளந்தார்கள். தாய் புகைபிடிக்காதவராக இருக்க வேண்டும், தாய்ப்பால் கொடுக்க வேண்டும், வளர்ச்சியைத் தடுக்கும் வறுமை வீட்டில் இருக்கக் கூடாது. 2006-இல் வெளியிட்டபோது ஒளிக்காமல் சொன்னார்கள்: குழந்தைகள் எங்கோ எப்போதோ எப்படி வளர்ந்தார்கள் என்பது இல்லை இது, எப்படி வளர வேண்டும் என்பது. பழையதை ஒப்பீடு என்றும் புதியதைத் தரநிலை என்றும் வெவ்வேறு சொற்களால் அழைத்தார்கள்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று உண்டு. ஆறு நாட்டுக் குழந்தைகளின் நீளத்தில் இருந்த வேறுபாடுகளில், நாடு வேறு என்பதால் வந்தது சுமார் 3 சதவீதம்தான். ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை இருந்த வேறுபாடு சுமார் 70 சதவீதம். தங்கை மகள் 15-ஆவது கோட்டில் வளர்கிறாள். நூறு குழந்தைகளை உயர வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து பதினைந்தாவது ஆள். "50-க்கு வரலையே" என்று தங்கை தொடக்கத்தில் தவித்தாள். 50-க்குக் கீழே பாதிக் குழந்தைகள் இருந்தே தீர வேண்டும், அப்படித்தான் அந்தக் கோட்டையே போட்டிருக்கிறார்கள் என்று குழந்தை டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாதாமாதம் அதே கோட்டை ஒட்டிப் போகிறாளா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். போகிறாள்.

இந்த அட்டையின் மீதும் விமர்சனம் இல்லாமல் இல்லை. தலைச் சுற்றளவில் இது எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் பொருந்தவில்லை என்று நார்வே, பெல்ஜியம், பிரிட்டன் ஆய்வாளர்கள் தரவுகளோடு எழுதியிருக்கிறார்கள். அங்கே நலமான குழந்தைகள் பலருடைய தலை, அட்டையின்படி 'பெரிது' என்று வந்துவிடுகிறது. பிரிட்டன் இந்தத் தரநிலையை ஏற்றுக்கொண்டபோது, பிறந்த நேரத்து அளவுகளுக்குத் தன்னுடைய பழைய தரவையே வைத்துக்கொண்டு, இரண்டாவது வாரத்திலிருந்துதான் புதியதைத் தொடங்கியது. யாரை அளந்தோம், ஏன் அவர்களை மட்டும் அளந்தோம் என்பதெல்லாம் வெளிப்படையாக எழுதிவைக்கப்பட்டிருப்பதால், வாதம் நேராக அந்தத் தேர்வுகளின் மேலேயே நடக்கிறது.